காவடி இறக்கி வைத்த மறுநாள்

 

பிரம்மாவை முருகன் ஏன் சிறையில் போட்டான்? நம்மில் யாரைக் கேட்டாலும் பதில் ரெடியா இருக்கும். "ஓங்காரத்துக்குப் பொருள் தெரியலை, அதனால." சரிதான். ஆனா கதையில் அதுக்கு முன்னாடி ஒரு சம்பவம் இருக்கு. அதை நாம வேகமா தாண்டிப் போயிடறோம். கயிலாயத்துக்கு தேவர்கள் எல்லாரும் வர்றாங்க. சிவபெருமானைக் கும்பிட்டுத் திரும்பறாங்க. வழியில் ஒரு சின்னப் பையன் விளையாடிட்டு இருக்கான். மத்தவங்க நின்னு வணங்கிட்டுப் போறாங்க. பிரம்மா மட்டும் "சின்னப் பையன்தானே"ன்னு கண்டுக்காம நடக்கிறார். அப்பத்தான் பின்னாலேர்ந்து குரல் வருது, "நில்லுங்க, நீங்க யாரு, என்ன வேலை பாக்கறீங்க?"

கேள்வி அப்புறம் வந்தது, குட்டு அதுக்கும் அப்புறம். முதல்ல நடந்தது இதுதான்: ஒருத்தர் இன்னொருத்தரைப் பாக்காம கடந்து போனார். அதுவும் உலகத்துல ஒவ்வொரு முகத்தையும் படைக்கிற ஆள்!

இடும்பன் கதையும் அப்படித்தான். அகத்தியர் சொன்னார்னு சிவகிரி, சக்திகிரி ரெண்டு மலையையும் தோளில் காவடியாக் கட்டித் தூக்கிட்டு வர்றான். திருவாவினன்குடி பக்கத்துல இறக்கி வச்சு இளைப்பாறறான். திரும்பத் தூக்கினா மலை அசையலை. மேல பாத்தா கோவணத்தோட, கையில கோலோட ஒரு பையன். "இறங்குடா"ங்கறான் இடும்பன். பையன் "இது என் மலை"ங்கறான். அப்புறம் நடந்த சண்டை உங்களுக்குத் தெரியும். இடும்பன் கெட்டவன் இல்ல. குரு சொன்ன வேலையைச் செய்ய வந்தவன். தோள்ல அவ்ளோ பாரம், உடம்பெல்லாம் களைப்பு. அந்த நேரத்துல எதிர்ல நிக்கறவன் யாருன்னு பாக்கற தெம்பு அவனுக்கு இல்ல. அவ்வளவுதான்.

வள்ளிகிட்ட வேடனா வந்தான், கிழவனா வந்தான். ஔவைப்பாட்டிகிட்ட நாவல் மரத்து மேல மாட்டுக்காரப் பையனா உக்காந்திருந்தான். கவனிச்சீங்களா? எதுவும் கோயிலுக்குள்ள நடக்கலை. எல்லாம் போற வழியில. வழியில வர்றவனை நாம எப்படிப் பாக்கறோம்னு சோதிச்சுப் பாக்கறதுல நம்ம முருகனுக்கு ஒரு தனி ஆசை இருக்கும் போல.

நான் இதையெல்லாம் யோசிக்க ஆரம்பிச்சது சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில்ல நின்னுகிட்டு. சொந்த ஊரு நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரம். ஊர்ல இருக்கிற வரைக்கும் எனக்குத் தெரிஞ்ச கூட்டம் ரெண்டுதான். திருச்செங்கோடு பஸ்ல படிக்கட்டு வரைக்கும் தொங்கற கூட்டம், காளிப்பட்டி கந்தசாமி கோயில் தைப்பூசத் தேர்க்கூட்டம். ரெண்டுலயும் யாராவது யார்கிட்டயாவது பேசிக்கிட்டே இருப்பாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சுட்டு வேலைக்கு இங்க வந்தப்ப முதல் முறையா சத்தமே இல்லாத கூட்டத்தைப் பாத்தேன். ஒரு பெட்டியில அத்தனை பேர், தோளோட தோள் இடிக்குது, ஒரு வார்த்தை இல்ல. எல்லார் தலையும் போனுக்குள்ள.

நான் தினமும் போறது வடகிழக்குப் பாதை. செங்காங்ல ஏறி டோபி காட்ல இறங்கி மாறணும். 2003-ல ஆரம்பிச்ச பாதை, ஓட்டுநரே இல்லாம ஓடற ரயில். (இதை வச்சு "கண்ணுக்குத் தெரியாத ஓட்டுநர்"னு ஒரு முழு உபன்யாசமே பண்ணலாம். வேண்டாம் விடுங்க, கன்ட்ரோல் ரூம்ல ஆள் உக்காந்துதான் இருக்காங்க.) வந்த புதுசுல தனிமை தாங்கலை. வாரம் முழுக்க ஆபீஸ்ல இங்கிலீஷ், ரூம்ல யாரும் இல்ல. ரயில் அறிவிப்புல நாலாவதா தமிழ் வரும்போது மட்டும் யாரோ நம்மளைக் கூப்பிட்ட மாதிரி இருக்கும். அப்ப ஒரு பழக்கம் வந்துச்சு. போனைப் பையில போட்டுட்டு முகங்களைப் பாக்கறது.

ஓடற ரயில்ல கண்ணுக்கு மை போடற பொண்ணு, கோடு ஒரு துளி கோணாது. நின்னுகிட்டே தூங்கற ஸ்கூல் பையன், அவன் ஸ்டேஷன் வந்தா மட்டும் எப்படித்தான் தெரியுமோ கண்ணைத் திறந்து இறங்கிடுவான். தள்ளுவண்டி நிறைய தேக்கா மார்க்கெட் காய்கறியோட ஒரு சீனப் பாட்டி, வண்டிக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற வெங்காயத்தாள். ஞாயித்துக்கிழமைன்னா வீட்டு வேலை பாக்கற பிலிப்பீன்ஸ் அக்கா ஒருத்தங்க வீடியோ கால்ல இருப்பாங்க. அந்தப் பக்கம் ஒரு குழந்தை போனை நக்கிட்டு இருக்கும். குழந்தைக்குக் காட்ட ஜன்னலுக்கு வெளிய ஒண்ணுமே இருக்காது, சுரங்க இருட்டுதான். அப்பவும் திருப்பித் திருப்பிக் காட்டுவாங்க.

எல்லாருக்கும் தோள்ல ஒரு பை. பெட்டியில இடம் பத்தாதுன்னு நிறைய பேர் அதை முன்பக்கம் மாட்டியிருப்பாங்க. ஒரு நாள் அந்தக் காட்சியைப் பாத்துட்டு சிரிப்பு வந்துடுச்சு. அத்தனையும் இடும்பன்கள். ஆளுக்கு ஒரு மலை. யாருக்கும் யார் முகத்தையும் பாக்கற தெம்பு இல்ல.

இப்ப சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கோங்க.

ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா, டோபி காட். ரயிலுக்கு இது மூணு ஸ்டேஷன், நாலஞ்சு நிமிஷம். இதே இடத்துக்கு மேல, தரையில என்ன இருக்குன்னு சிங்கப்பூர்ல இருக்கிற பக்தர்களுக்குத் தெரியும். ஃபேரர் பார்க் பக்கத்துல சிராங்கூன் ரோடு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். தைப்பூசக் காவடி அங்கேர்ந்துதான் கிளம்பும். ஏறக்குறைய அந்த ரயில் போற திசையிலேயே நடந்து, டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்ல போய் இறங்கும். நகரத்தார் 1859-ல கட்டின கோயில் அது. முந்தின நாள் செட்டிப்பூசத்துக்கு வெள்ளி ரதம் கிளம்பறதும் அங்கேர்ந்துதான். மேல மனுஷங்க அரோகரா சொல்லிட்டு மணிக்கணக்கா நடக்கற தூரத்தை, கீழ நாம போனைப் பாத்துக்கிட்டே தாண்டிடறோம்.

இங்க தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை கிடையாது. 1968 வரைக்கும் இருந்துச்சு, அப்புறம் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க. நம்ம தமிழ்நாட்டுலயே 2021-லதான் பொது விடுமுறை ஆச்சு. அதனால இங்க காவடி எடுக்கறவங்க லீவு போட்டுத்தான் எடுக்கணும். லீவுங்கறது எனக்கு மெயில்ல ஒரு வரி. தினக்கூலிக் கணக்குல இருக்கறவங்களுக்கு அன்னிக்குச் சம்பளம்.

போன ஜனவரியில ஒரு ராத்திரி, ஒன்பது மணி இருக்கும். கூட்டம் குறைஞ்ச ரயில். பாதி சீட் காலி. ஒரு அண்ணன் ஏறினார். கையில ஹெல்மெட், காலில் கனமான சேஃப்டி ஷூ, பேன்ட் முழுக்க சிமெண்டுத் தெறிப்பு, கழுத்துல துளசி மாலை. கதவு ஓரமா கம்பியைப் பிடிச்சுட்டு நின்னார். இவ்ளோ சீட் காலியா இருக்கே, ஏன் நிக்கறார்?

"அண்ணே, உக்காருங்களேன்"ன்னேன்.

தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்துச்சு. "வேணாந் தம்பி. துணியெல்லாம் சிமெண்டு. சீட்டு வீணாப் போயிரும்."

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். கட்டட வேலை. மத்த நாள்ல கம்பெனி லாரி பின்னால ஏத்திக் கொண்டு போய் டார்மிட்டரியில விட்டுருவாங்களாம், ஓவர்டைம் முடிஞ்சு லாரியை விட்டா ரயில். மாலை போட்டு விரதம். டார்மிட்டரிக்கு வர்ற சாப்பாட்டுப் பொட்டலத்துல சைவம் கேட்டு வாங்கி, அதுவும் ஒரு வேளை. "வெயில்ல கம்பி கட்டிக்கிட்டு ஒரு வேளை சாப்பாடா?"ன்னு கேட்டேன். "அவன் பாத்துக்குவான் தம்பி"ன்னார். காவடி எடுக்கறாராம். பொண்ணு பொறந்த வருஷத்துல நேந்துக்கிட்டது. பொண்ணுக்கு இப்ப ஏழு வயசு. இவர் நேர்ல பாத்தது மூணு தடவை.

அவர் நிக்கறதுக்கு சிமெண்டு மட்டும் காரணம் இல்லைன்னு பேச்சுவாக்குல தெரிஞ்சுது. "உக்காந்தா பக்கத்துல இருக்கறவங்க எந்திரிச்சுப் போயிடறாங்க தம்பி. நம்மளால அவங்களுக்கு எதுக்குச் சங்கடம்." குரல்ல கோபம் இல்ல. மழை வரும், குடை எடுத்துக்கணும்ங்கற மாதிரி சாதாரணமாச் சொன்னார்.

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை தைப்பூசம். ஆபீசுக்கு முன்னாடி தரிசனம் முடிச்சுடலாம்னு விடியற்காலையில சிராங்கூன் ரோடு போனேன். பால்குடங்கள் நடு ராத்திரியிலேர்ந்தே போயிட்டிருந்துச்சு. காவடிகள் வரிசையில அந்த அண்ணன்! முதல்ல அடையாளம் தெரியலை. மொட்டைத்தலை, சந்தனம், மஞ்சள் வேட்டி, நாக்குல வேல், தோள்ல மயில்பீலிக் காவடி. கண்ணு எங்கயோ இருக்கு. நல்ல பட்டுப்புடவை கட்டின ஒரு அம்மா குழந்தையோட ஓடி வந்து அவர் கால்ல விழுந்தாங்க. கூட வந்தவர் குழந்தை நெத்தியில திருநீறு பூசிவிட்டார். ஐடி கார்டு கழுத்துல தொங்க ரெண்டு பசங்க கையெடுத்துக் கும்பிட்டாங்க. அவங்க கண்ணுல நிஜமான பக்தி. நடிப்புன்னு சொல்லவே மாட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ரயில்ல அவரைத் திரும்பப் பாத்தேன். ஏழு மணி, ஓரளவுக்குக் கூட்டம். மொட்டைத்தலை, ஹெல்மெட், சிமெண்டு பேன்ட். அதே கதவு ஓரம். எதிர்ல ரெண்டு சீட் காலி. அந்தப் பக்கம் நம்ம தமிழ் ஆளுங்களே நாலு பேர், சத்தமா ரிலீஸ் டேட் பத்திப் பேசிட்டு இருந்தாங்க. ஒருத்தர் போன் கவர்ல வேல் படம். யாரும் நிமிரலை.

ரெண்டு நாள் இடைவெளி, அதே உடம்பு. சிராங்கூன் ரோட்டுல கால்ல விழுந்தோம், அதே ரோட்டுக்கு அடியில ஓடற ரயில்ல முகத்தைக் கூடப் பாக்கலை.

அப்ப எழுந்தது யார் தெரியுமா? சொன்னேனே, தேக்கா மார்க்கெட் தள்ளுவண்டிப் பாட்டி. அந்தப் பாட்டியோ அதே மாதிரி இன்னொரு பாட்டியோ. காலி சீட்டுல இருந்த தன் பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டு, சீட்டை ரெண்டு தட்டு தட்டி, "சிட், சிட்"ன்னாங்க. அண்ணன் பேன்ட்டைக் காட்டி வேண்டாம்னு கையாட்டினார். பாட்டி விடலை, இன்னும் ஓங்கித் தட்டினாங்க. அவர் சீட் நுனியில, பாதி உடம்பு வெளிய இருக்கிற மாதிரி உக்காந்தார். பாட்டி அவர் மொட்டையைப் பாத்து, தன் தலையைத் தொட்டுக் காட்டி, "ஹாட், ஆ?"ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சுட்டார். கோவான் வரைக்கும் ரெண்டு பேரும் ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாம ஏதோ பேசிக்கிட்டே வந்தாங்க.

அந்தப் பாட்டிக்கு முருகன் யாருன்னு தெரியுமான்னு எனக்குத் தெரியாது. ஆனா வழியில நின்ன பையனை அவங்க கண்டுக்காமப் போகலை.

திருமுருகாற்றுப்படையில நக்கீரர் ஆறு முகத்துக்கும் ஆறு வேலை சொல்றார். ஒண்ணு இருட்டுல கிடக்கற உலகத்துக்கு ஒளி தருது. ஒண்ணு தேடி வர்ற பக்தனுக்கு வரம் கொடுக்குது. ஒண்ணு வேள்வியைக் காக்குது, ஒண்ணு மறைஞ்சு கிடக்கிற பொருளை விளக்குது. ஒண்ணு போர்க்களத்துல பகைவனை நேருக்கு நேர் பாக்குது. ஒண்ணு வள்ளியைப் பாத்துச் சிரிக்குது. நாம ஆறுமுகம்னா அழகு, அலங்காரம்னு நினைச்சு விட்டுடறோம். எனக்கு இப்ப வேற மாதிரி தோணுது. யாரும் அவன் பார்வைக்கு வெளிய நிக்கக் கூடாதுன்னுதான் ஒரு முகம் பத்தாம ஆறு வச்சிருக்கான். சண்டை போட்ட சூரபத்மனுக்கே பாருங்க, ரெண்டாப் பிளந்ததுல ஒரு பாதி மயிலாகிக் காலடியில, இன்னொரு பாதி சேவலாகிக் கொடியில. எதிரியைக்கூடக் கூடவே வச்சுக்கிட்ட சாமிக்கு, பக்கத்து சீட்டுல ஆள் உக்காந்தா எழுந்து போற பக்தன் எப்படிப் பொருந்துவான்?

"நாங்க என்ன பண்றது, எல்லாரும் அப்படித்தானே இருக்காங்க"ன்னு தோணலாம். காளிப்பட்டி ரோட்டுல எங்க அம்மாயி தைப்பூச நோம்பிக்கு நீர்மோர் ஊத்தும். பாதயாத்திரை வர்றவங்க ஆயிரம் பேர் போவாங்க. டம்ளரை நீட்டறப்ப ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரே கேள்வி, "எந்த ஊரு சாமி?" பதில் வர்ற வரைக்கும் முகத்தைப் பாக்கும். "ஓமலூருங்க", "ராசிபுரமுங்க"ன்னு சொல்லிட்டுக் குடிப்பாங்க. வரிசை நிக்குதுன்னு எங்க மாமா கத்துவார். அம்மாயிக்குக் காதே கேக்காது.

இதுல நான் ஒண்ணு சேத்துச் சொல்லணும். நம்ம பக்கம் "எந்த ஊரு"க்கு அடுத்து "நீங்க என்ன ஆளுங்க"ன்னு ஒரு கேள்வி வரும். கடல் தாண்டி வந்தும் அதை மூட்டை கட்டிக் கொண்டு வந்தவங்க இருக்காங்க. அந்தக் கேள்வி வேண்டாம். மாலை போட்ட நாப்பது நாளும் எதிர்ல வர்ற எல்லாரையும் "சாமி"ன்னு கூப்பிட வாய் வருது இல்லையா? மாலையைக் கழட்டினதும் அந்த வார்த்தை எங்க போகுது?

இன்னொண்ணு. முகத்தைப் பாக்கச் சொல்றேனே தவிர, முறைச்சுப் பாக்கவோ படம் எடுக்கவோ சொல்லலை. ரயில்ல வாய் திறந்து தூங்கறவரை வீடியோ எடுத்துச் சிரிப்பு ஸ்மைலி போட்டு ஷேர் பண்றது, அலகு குத்தினவர் வலியில இருக்கறப்ப முகத்துக்கு நேரா போனை நீட்டி ரீல்ஸ் எடுக்கறது, ரெண்டும் நம்ம பசங்க செய்யறாங்க. கருவறைக்கு முன்னாடி போட்டோ எடுக்கக்கூடாதுன்னு போர்டு இருக்கும், மதிக்கிறோம். திருச்செங்கோட்டு மலை ஏறி செங்கோட்டு வேலவர் சந்நிதியில நிக்கறப்ப என்ன செய்வோம்? கையைக் கட்டிக்கிட்டு முகத்தைப் பாப்போம். கொஞ்ச நேரம் கழிச்சு அவன் நம்மளைப் பாக்கற மாதிரி இருக்கும். அதுக்குப் பேர்தான் தரிசனம். அந்த மரியாதையோட மனுஷன் முகத்தைப் பாருங்க. ஒரு ஸ்டேஷன் தூரம் போதும். அப்புறம் கந்த சஷ்டி கவசத்தை ஹெட்போன்ல கேட்டுக்கோங்க, யார் வேண்டாம்னா?

அந்த அண்ணனை இப்ப எப்பவாவது ராத்திரி ரயில்ல பாக்கறதுண்டு. போன வாரம் சேந்து உக்காந்து போனோம். அடியில ஒரு பழைய பேப்பரை விரிச்சுக்கிட்டார், அதுல அவருக்கு ஒரு நிம்மதி. எனக்கும் காவடி எடுக்கணும்னு ஆசை இருக்கு, உடம்பு தாங்குமான்னு பயமாவும் இருக்குன்னு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சார்.

"அடுத்த வருஷம் காவடி வேணாந் தம்பி. என்கூட நடந்து வாங்க. காவடிக்காரனுக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும். தண்ணி பாட்டிலும் ஒரு ஸ்டூலும் தூக்கிக்கிட்டு வரணும். நான் எங்க நிக்கறேன், எப்ப கால் தள்ளாடுதுன்னு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு வரணும். இந்த வருஷம் வந்த பையன் ஊருக்குப் போறான்."

2026 தைப்பூசம் ஞாயித்துக்கிழமை வருதாம். லீவு போட வேண்டியதில்ல. ஸ்டூல் நான் வாங்கிடறேன்னு சொல்லியிருக்கேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!